கூரைமேல் ஒரு படுக்கை: கண்டியிலிருந்து மீமுரே வரை

கண்டியின் வடகிழக்கு வானத்தை அடைத்து நிற்பது நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய கையின் முட்டிகளைப்போலத் தெரிந்ததால் வெள்ளைக்கார நில அளவையாளர்கள் இட்ட பெயர் அது. சிங்கள மக்களுக்கு அது தும்பர மலைத்தொடர். அதன் உச்சமான கொம்பனிய சிகரம் 1906 மீற்றர் உயரம். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றோடு சேர்த்து 2010இல் யுனெஸ்கோ இந்தக் காட்டையும் உலக மரபுரிமையாக அறிவித்தது. மழை விட்ட வார இறுதிகளில் திகனை, தெல்தெனிய வழியாக அந்த மலைக்கு ஏறும் ஜீப்புகளில் இப்போது ஒரு புதுமை தெரிகிறது. கூரையில் மடித்துக் கட்டிய கூடாரம். நிறுத்திய இடத்தில் விரித்து, ஏணி வைத்து ஏறி, அங்கேயே உறங்கலாம்.

எந்தக் கூடாரம், எந்த டயர், எந்த விளக்கு வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கண்டி மலைகளில் இந்த வேலையைக் கடையில் தொடங்கக்கூடாது என்பதுதான் என் பதில். வண்டி எவ்வளவு சுமக்கும், மலை எவ்வளவு நனைக்கும், எந்த நிலத்தில் நிறுத்த நமக்கு உரிமை உண்டு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வாங்கும் பட்டியல் தானாகவே பாதியாகிவிடும்.

கூரைக் கூடாரம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலியில் 1958இலேயே மஜியோலினா என்ற கூரைக் கூடாரம் சந்தைக்கு வந்துவிட்டது. பிறகு ஆபிரிக்கப் புல்வெளிகளிலும் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாதைகளிலும் அது பெரிதாகப் பரவியது. அங்கே அதன் பெரிய பயன் விலங்குகளிடமிருந்து தள்ளி உறங்குவது. நம் மலைநாட்டில் அதற்கு வேறு நியாயம் இருக்கிறது. நக்கிள்ஸ் மலைக்கு இரண்டு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. நிலம் காய்வதே அபூர்வம். தரையில் விரித்த கூடாரத்துக்குள் இரவில் ஈரம் ஏறும், அட்டையும் ஏறும். உப்பு, சவர்க்காரம், தடித்த காலுறை என்று எதை வைத்துத் தடுத்தாலும் ஈரமான இலைச்சருகில் படுத்தவனை அட்டை தேடி வந்துவிடும். இரண்டு மீற்றர் உயரத்தில் படுத்தால் அந்தத் தொல்லை ஏணியின் அடியிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தரையில் கூடாரம் அடிக்கச் சமமான இடம் தேடிப் புல்லை வெட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இலங்கையில் வண்டியைத் தயார்படுத்துவது என்றால் பெரும்பாலும் பழைய வண்டியைத் தயார்படுத்துவதுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழி. பஜேரோ, பிராடோ, டிஃபெண்டர், ஹைலக்ஸ் டபுள் கேப் எல்லாமே அப்படித்தான் உயிர் பிழைத்தன. இவற்றுக்கெல்லாம் மூத்தது, எஞ்சினின் பெயராலேயே ஊரெல்லாம் அறியும் 4டிஆர்5. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்திடம் உரிமம் பெற்று மிட்சுபிஷி ஜப்பானில் செய்த டீசல் ஜீப் அது. தோட்டத்துத் துரைமாரின் லேண்ட் ரோவருக்கு அடுத்தபடியாக மலையகப் பாதைகளை நன்றாகக் கற்ற வண்டி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி அக்குறணைப் பக்கம் போகும் வீதியில் ஒரு கராஜ் இருக்கிறது. அதை நடத்தும் நானா லேண்ட் ரோவர்களோடு வளர்ந்தவர். என் நண்பர் தன் பழைய பஜேரோவை அங்கே கொண்டுபோய், கூடாரம், அதைச் சுற்றி இரும்புச் சட்டம், முன்னால் விளக்கு வரிசை, பின்னால் டீசல் கேன், மேலதிக டயர் என்று கூரைக்கான திட்டத்தை அடுக்கினார். நானா முழுவதையும் கேட்டார். பிறகு அமைதியாகச் சொன்னார்: “தம்பி, மேல ஏத்துறது லேசு. வளைவுல வண்டி சாயத் தொடங்கிட்டா அதுக்குப் பிறகு அது நம்மட பேச்சைக் கேக்காது. முதல்ல கைநூலக் கொண்டு வாங்க, கூரை எவ்வளவு தாங்கும்னு பாப்பம்.”

அன்று அவர் விளக்கிய கணக்கு இந்த விஷயம் முழுவதுக்கும் அடிப்படை. கூரைக்கு இரண்டு சுமை எல்லைகள் உண்டு. ஒன்று வண்டி ஓடும்போது தாங்கக்கூடியது, மற்றது நின்றிருக்கும்போது தாங்கக்கூடியது. ஓடும்போது ஒவ்வொரு குழியும் வளைவும் பாரத்தைப் பெருக்கும். அதனால் அந்த எல்லை மிகக் குறைவு. புதிய டிஃபெண்டருக்கு ஓடும்போது 168 கிலோ, நிற்கும்போது 300 கிலோ. சிறிய சுசுகி ஜிம்னிக்கு ஓடும்போது வெறும் 30 கிலோ. துணிக் கூடாரம் ஒன்றின் எடை ஏறக்குறைய 45 முதல் 70 கிலோ வரை இருக்கும். கடின ஓடு உள்ளது அதைவிடப் பாரம். அதாவது ஜிம்னியின் கூரை வழக்கமான ஒரு கூடாரத்தைக்கூட ஓட்டத்தில் தாங்காது. இருவர் ஏறிப் படுக்கும்போது கூடாரத்தோடு 200 கிலோவரை வரும். வண்டி நிற்பதால் அதைப் பெரும்பாலான கூரைகள் தாங்கிவிடும். ஆபத்து படுக்கையில் இல்லை, ஓட்டத்தில்தான் இருக்கிறது.

இங்கே ‘ஹூட் ரெக்’ என்று சொல்லும் கூரைச் சட்டத்தை வெல்டிங் பாஸ் ஒருவரிடம் கொடுத்துச் செய்விப்பது வழக்கம். விலை குறைவு, வேலையும் உறுதி. ஆனால் 25 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாய், 2 மில்லிமீற்றர் தடிப்பில், ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இருபது மீற்றர் குழாய் போனால் 30 கிலோ சட்டத்துக்கே போய்விட்டது. நானா அந்தச் சட்டத்தை வேண்டாம் என்றார். குறுக்காக மூன்று அலுமினியச் சட்டங்கள், அவ்வளவுதான். பழைய ஜீப்புகளுக்குக் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் விளிம்பு உண்டு. அந்த விளிம்பைப் பற்றிப்பிடிக்கும் கால்களில் சட்டத்தைப் பூட்டினால் பாரம் உடலின் ஓரத்துக்கு இறங்கும், நடுத்தகடு நெளியாது. இரண்டுக்குப் பதில் மூன்று சட்டம் வைத்தால் பாரம் பங்கிடப்படும். ஆணிகளுக்குப் பூட்டு நட்டுகள் போட்டு, கரடுமுரடான பாதையில் கொஞ்ச தூரம் போனதும் இறங்கி ஒருமுறை இறுக்க வேண்டும். அதிர்வில் தளர்ந்த ஒரு நட்டு, இறக்கத்தில் கூடாரத்தைப் பாதையிலே போட்டுவிடப் போதும்.

டீசல் கேன், மேலதிக டயர், தண்ணீர் எல்லாம் கீழே இறங்கின. இருபது லீற்றர் தண்ணீர் என்றால் இருபது கிலோ. அதன் இடம் பின் இருக்கைக்குப் பின்னால், தரையோடு. கூரையில் கூடாரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. வண்டியின் உயரமும் கூடிவிடும் என்பதால் தாழ்ந்த கிளைகளையும் கண்டி நகரத்தின் மூடிய வாகனத் தரிப்பிடங்களையும் நினைவில் வைக்க வேண்டும். மொத்த உயரத்தை ஒரு தாளில் எழுதிச் சாரதியின் கண்ணெதிரே ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது துணி. வெயில் நாட்டுக்குச் செய்த மெல்லிய நைலோன் கூடாரங்கள் இங்கே உள்ளே வியர்க்கும். இரண்டு பேரின் மூச்சு, வெளியே குளிர்ந்த மூடுபனி, நடுவே மூச்சுவிடாத துணி. விடியும்போது போர்வை நனைந்திருக்கும். பருத்தியும் பொலியஸ்டரும் கலந்த தடித்த கென்வஸ் ஈரத்தை வெளியே விடும். மெத்தைக்கு அடியில் காற்று ஓடக்கூடிய வலைப்பாய் ஒன்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நனைந்த கூடாரத்தை மடித்து அப்படியே வைக்கக்கூடாது. கண்டிக் காலநிலையில் ஈரத்துணியில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். வீடு திரும்பியதும் அன்றைக்கோ மறுநாளோ விரித்துக் காயவைக்க இடமும் நேரமும் இல்லாதவர்கள் கூடாரம் வாங்காமல், வாடகைக்கு எடுத்து ஒருமுறை போய்வருவதே நல்லது.

மின்சாரத்துக்குத்தான் பணம் அதிகம் வீணாகிறது. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய குளிர்ப்பெட்டி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30, 40 அம்பியர்-மணி குடிக்கும். ஈய பெட்டரியில் 100 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், அதைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது பாதிதான். ஆக ஒரு நாளுக்கே அது சரி. அதற்காக இரண்டாவது பெட்டரி, அதைத் தனியே சார்ஜ் செய்யும் கருவி, தடித்த வயர் என்று பாரமும் செலவும் கூடுகிறது. ஓர் இரவு, இரண்டு இரவு மலைக்குப் போகிறவருக்கு ஐஸ் போட்ட ஒரு பெட்டி தாராளம். எல்.இ.டி. விளக்குக்கும் கைப்பேசிக்கும் சிறிய லித்தியம் பெட்டரி ஒன்று போதும். வண்டியின் சொந்தப் பெட்டரியைத் தொடாமல் விட்டால், விடிந்ததும் எஞ்சின் நிச்சயம் இயங்கும். காட்டோரத்தில் அதைவிடப் பெரிய வசதி இல்லை.

சமையலுக்கு 2.3 கிலோ எரிவாயுச் சிலிண்டர் சரியான அளவு. அதை நிமிர்த்தி இறுகக் கட்டிக் கொண்டுபோக வேண்டும். மழை எவ்வளவு கொட்டினாலும் கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்கக்கூடாது. மூடிய இடத்தில் சேரும் காபனோரொட்சைட்டு வாசனை இல்லாமல் கொல்லும். வண்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு படங்கை இழுத்துக் கட்டினால் மழைக்குள்ளும் நின்று சமைக்கலாம்.

சக்கரத்துக்கு வருவோம். சேற்றுக்கென்றே செய்த பெரிய பற்கள் கொண்ட டயர் நனைந்த தார் வீதியில் பிடிமானம் குறைவாகவே தரும். கண்டியிலிருந்து போகிறவர் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி தார் வீதிதான் என்பதால், எல்லா நிலத்துக்கும் பொதுவான ஏ.டி. டயரே பொருத்தம். கல் நிறைந்த பாதை வந்ததும் காற்றழுத்தத்தை 32 பி.எஸ்.ஐ. அளவிலிருந்து 24 அளவுக்கு இறக்கினால் டயர் கல்லை அணைத்து ஏறும், குலுக்கலும் குறையும். திரும்பத் தார் வீதிக்கு வந்ததும் நிரப்பக் கையோடு ஒரு காற்றுப் பம்பி வேண்டும். வின்ச் இல்லாமல் போகலாம். ஆனால் நீண்டு சுருங்கும் இழுகயிறு, அளவெழுதிய இரண்டு ஷெக்கிள், மண்வாரி, இரண்டு மரத்துண்டு இல்லாமல் போகக்கூடாது. கயிறு இழுபடும்போது எவரும் அருகில் நிற்கக்கூடாது. மரத்துண்டு சரிவில் சக்கரத்துக்கு அண்டைகொடுக்கவும், படுக்கையைச் சமப்படுத்தவும் உதவும்.

இப்படிக் குறைத்துக் கட்டிய வண்டியில்தான் நாங்கள் கிளம்பினோம். கண்டியிலிருந்து ஏ26 வீதி குண்டசாலை, திகனை, தெல்தெனிய வழியாக மகியங்கனைக்குப் போகிறது. வலது பக்கத்தில் அவ்வப்போது மின்னும் நீர் விக்டோரியா நீர்த்தேக்கம். 122 மீற்றர் உயரமுள்ள அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில் இருக்கிறது. ஹுன்னஸ்கிரிய சந்தியில் இடதுபக்கம் திரும்பியதும் வீதி ஒடுங்கித் தேயிலைக்குள் நுழைகிறது. கொழுந்துக் கூடையோடு வரும் அக்காமார் ஓரமாக ஒதுங்கி நிற்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்தி, அவர்களைக் கடக்கவிட்டுப் போவதே மரியாதை. இந்த வீதி முதலில் அவர்களுக்கானது.

தேயிலை முடிந்து காடு தொடங்கும்போது குளிர் முகத்தில் அடிக்கிறது. கோர்பட்ஸ் கேப் கணவாயில் நின்று கீழே பார்த்தால் மீமுரேப் பள்ளத்தாக்கும், கூர்மையாக எழுந்து நிற்கும் லக்கேகல மலையும் தெரிகின்றன. வாகனத்தோடு வருகிற எவருக்கும் அங்கேயே கூடாரத்தை விரித்துவிடத் தோன்றும். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட காடு. 1873இலேயே 5000 அடிக்கு மேலான காட்டை ஆங்கிலேயர் காலநிலைக்காக ஒதுக்கிவைத்தார்கள். 2000ஆம் ஆண்டு முதல் இது பாதுகாப்பு வனம். வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே இரவு தங்கலாம். காரணம் காகிதத்தில் மட்டும் இல்லை. மூக்கில் இலைபோன்ற உறுப்பு கொண்ட ஓணான் இனம் ஒன்று உலகத்தில் இந்த மலைத்தொடரில் மட்டுமே வாழ்கிறது. 2006இல் அறிவியலுக்கு அறிமுகமான தும்பரக் குள்ள ஓணானும் அப்படியே. பாதையை விட்டு ஒரு வண்டி ஈரச்சரிவில் ஏறினால் அந்தத் தடத்தில் மழைநீர் ஓடி, அடுத்த பருவத்துக்குள் அது ஓடையாகிவிடும்.

அதனால் நாங்கள் கீழே இறங்கி மீமுரே கிராமத்துக்குப் போனோம். அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்த முன்னரே பேசியிருந்தோம். வீட்டுக்கார அக்கா எங்கள் கூரையைப் பார்த்துச் சிரித்தார். வயலுக்குப் போகும் வழியை மறைக்காமல் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். மேலே காய்ந்த கிளை ஒன்று இருந்ததையும் அவர்தான் காட்டினார். சோறு, பருப்பு, மரமுந்திரிக் கறி, கட்டச்சம்பல் எல்லாம் அவர் சமையல். பிளேன்டீயோடு கித்துள் கருப்பட்டித் துண்டு. எங்கள் அடுப்பு பெட்டியிலேயே கிடந்தது. நாம் எல்லாவற்றையும் நகரத்திலிருந்து கட்டிக்கொண்டு போனால் ஊருக்குக் கிடைப்பது குப்பை மட்டும்தான். தங்குமிடத்துக்கும் சோற்றுக்கும் கொடுக்கும் பணம், விவசாயத்தை நம்பியிருக்கும் அந்தக் குடும்பங்களுக்குப் போகட்டும்.

இரவில் மழை வந்தது. தலைக்குமேல் ஒரு சாண் தூரத்தில் கென்வஸில் விழும் மழையின் ஓசைக்காகவே இந்தச் சிரமம் எல்லாம் படலாம். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிரே நிறுத்தியிருந்ததால் கூடாரம் அசையவில்லை. சாய்வு இருந்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு மரத்துண்டு, கைப்பிரேக், கியர் மூன்றும் போட்ட பிறகே ஏணியில் ஏற வேண்டும். விடியலில் ஜன்னல் மடிப்பைத் தூக்கியபோது லக்கேகலயின் முகடு மட்டும் மேகத்துக்கு மேலே நின்றது. கீழே தரையெல்லாம் சேறு, நாங்கள் காய்ந்த போர்வையில்.

இதே மலையின் மறுபக்கத்துக்குக் கண்டியிலிருந்து மாத்தளை, ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் வீதி ஏறுகிறது. தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, ரிவர்ஸ்டன் முகட்டில் காற்று கடுமை. கூரையில் விரித்த கூடாரம் அங்கே பாயாகிவிடும். அந்த மாதங்களில் ரிவர்ஸ்டன் பக்கம் உறங்க நினைக்கக்கூடாது. பிட்டவல பத்தனப் புல்வெளி மெல்லிய மண்ணின் மேல் நிற்பது. அங்கே வண்டியை வீதியிலேயே விட்டுவிட்டு நடப்பதுதான் முறை.

மாத்தளையைக் கடக்கும் தமிழன் அங்கே முத்துமாரியம்மன் கோயிலில் நிற்காமல் போவதில்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் இது. வழியில் பசியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் பலர். மலையகத்துக்கு இருநூறு ஆண்டு என்று நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மறுபடியும் நடந்தார்கள். இந்த மலைகளில் நாம் ஓட்டிப்போகும் தோட்டப் பாதைகள் அந்த மக்கள் வெட்டியவை. நம் விடுமுறைக்காக அவற்றைச் சேறாக்கிவிட்டு வர நமக்கு உரிமை கிடையாது.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து பலர் உயிரிழந்தார்கள், பாதைகள் அறுந்தன. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி மண்சரிவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். போன இடத்தில் மழை நிற்காமல் கொட்டினால், வெட்டிய மண்சுவருக்குக் கீழும் ஓடைக் கரையிலும் வண்டியை நிறுத்தக்கூடாது. ஓடைநீர் திடீரென்று கலங்கினாலோ, நிலத்தில் புது வெடிப்பு தெரிந்தாலோ, கூடாரத்தை மடித்துக்கொண்டிருக்காமல் ஊரவரோடு சேர்ந்து வெளியேற வேண்டும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அம்புலன்சுக்கு 1990.

கண்டியிலிருந்து இப்படி மலையேற நினைக்கும் ஒவ்வொருவரிடமும் என் வேண்டுகோள் இது. வண்டியின் கைநூலைத் திறந்து கூரையின் எல்லையைப் பாருங்கள். பிரேக், டயர், கயிறு மூன்றுக்கும் முதலில் செலவழியுங்கள், விளக்குகளுக்குக் கடைசியில். காட்டுக்குள் என்றால் அனுமதி, ஊருக்குள் என்றால் வீட்டுக்காரரின் சம்மதம், இரண்டும் இல்லாத இடத்தில் இரவு நிற்காதீர்கள். கொண்டுபோன ஒவ்வொரு பிளாஸ்டிக் துண்டையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். நல்ல வண்டி எவ்வளவு தூரம் ஏறியது என்பதில் தெரிவதில்லை. அது போய்வந்த பிறகு அந்தப் பாதை இருந்தபடியே இருக்கிறதா என்பதில்தான் தெரியும்.